கேரமல் ஆப்பிளில் கேரமல் ஏன் நிற்காமல் வழிகிறது?

பள்ளியின் கேண்டீன் தினத்துக்கு இருபது கேரமல் ஆப்பிள் செய்து விற்கலாம் என்று நினைத்து, முதலில் வீட்டில் கொஞ்சம் செய்து பார்த்ததாக எழுதியிருந்தீர்கள், தங்கச்சி. அமெரிக்கக் காணொளியில் சொன்னபடி ஆப்பிளை இரவெல்லாம் ஐஸ்பெட்டியில் வைத்து, காலையில் எடுத்து, சூட்டோடு சூடாகக் கேரமலில் முக்கினீர்கள். கால் மணி நேரத்தில் கேரமல் முழுக்க அடியில் இறங்கிக் குளமாகிவிட்டது, சட்டியில் மிச்சமிருந்ததும் மணல் மணலாகப் போய்விட்டது. பாகு பதம் தப்பிவிட்டதா, சீனி குறைந்துவிட்டதா என்று கேட்டீர்கள். சிவப்பு நிறத்தில் கண்ணாடி மாதிரி இருக்குமே, அந்த ஆப்பிளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மணலாகப் போனது பாகு விஷயம்தான். ஆனால் வழிந்து இறங்கியதற்குப் பாதிக்கு மேல் காரணம் ஆப்பிளின் தோல். முதல் தடவை செய்கிறவர்கள் எல்லோரும் சட்டியைத்தான் சந்தேகப்படுகிறார்கள், தோலை யாரும் பார்ப்பதில்லை. அந்தக் காணொளிக்காரர்கள் சொல்வது அவர்கள் ஊருக்குச் சரியாகத்தான் இருக்கும், அங்கே இது அக்டோபர் மாதத்துப் பண்டம், காற்று காய்ந்து கிடக்கும், சமையலறையே குளுகுளுவென்று இருக்கும். மலேசியாவில், நம் பீடோரில் காலை எட்டு மணிக்கே புழுக்கம், முந்தின நாள் மழை பெய்திருந்தால் கேட்கவே வேண்டாம். இங்கே காற்றில் இருக்கிற ஈரத்துக்கு, 24 அல்லது 25 டிகிரிக்குக் கீழே இருக்கிற எந்தப் பொருளை வெளியே வைத்தாலும் அதன் மேல் தண்ணீர் கோத்துக்கொள்ளும். ஐஸ்பெட்டியிலிருந்து வரும் ஆப்பிள் 4, 5 டிகிரியில் இருக்கிறது. துடைக்கத் துடைக்க வியர்க்கும். அந்த ஈரத்தின் மேல் கேரமலை ஊற்றினால் அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? எனவே முதல் வேலை, ஆப்பிளை முந்தின நாள் இரவே வெளியே எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒரு துணி மேல் பரப்பி வைத்துவிடுங்கள். காலையில் தொட்டுப் பார்த்தால் கை சூட்டுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியக்கூடாது.

அடுத்து மெழுகு. நமக்கு வருகிற ஆப்பிள் எல்லாம் கப்பலில் வருவது, நாள்கணக்கில் வாடாமல் இருக்கப் பெரும்பாலும் மேலே மெல்லிசாக மெழுகு பூசித்தான் அனுப்புகிறார்கள். சாப்பிட்டால் கெடுதல் இல்லை, ஆனால் கேரமலுக்கு அது எண்ணெய் தடவிய தட்டு. இதைப் போக்க ஒரு சட்டித் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி வினிகர் ஊற்றி, ஆப்பிளைக் காம்போடு பிடித்து ஐந்து முதல் பத்து விநாடி முக்கி எடுத்து, உடனே ஒரு முரட்டுத் துண்டால் அழுத்தித் தேய்க்க வேண்டும். பளபளப்பு போய்த் தோல் மங்கலாகத் தெரிந்தால் மெழுகு போய்விட்டது என்று அர்த்தம், பளபளப்பு இன்னும் இருந்தால் இன்னொரு முறை. பத்து விநாடிக்கு மேல் விடாதீர்கள், தோல் வெந்து உள்ளே மாவாகிவிடும். தேய்த்தபின் காம்பைத் திருகி எடுத்துவிட்டு, மின்விசிறிக்குக் கீழே ஒரு மணி நேரம் காயவிடுங்கள். காம்புக் குழியில் தண்ணீர் ஒளிந்திருக்கும், டிஷ்யூ தாளின் முனையைத் திருகி அங்கே விட்டு ஒற்றி எடுங்கள். முக்கால்வாசிப் பேர் விடுகிற இடம் இதுதான்.

எந்த ஆப்பிள் என்றால் பச்சை ஆப்பிள்தான், கிரானி ஸ்மித். 1868 வாக்கில் சிட்னிக்குப் பக்கத்தில் மரியா ஆன் ஸ்மித் என்ற அம்மாளின் தோட்டத்தில் தானாக முளைத்த கன்றிலிருந்து வந்த ரகம் அது. குளிர் கிடங்கில் மாதக்கணக்கில் தாங்குவதால் நம் ஊர்ப் பழக்கடையிலும் வருடம் முழுக்கக் கிடைக்கிறது. கேரமல் அவ்வளவு இனிப்பு, உள்ளே புளிப்பு இல்லையென்றால் இரண்டு கடிக்கு மேல் திகட்டிவிடும், இனிப்பான ஃபூஜி ஆப்பிளில் செய்தால் நடப்பது அதுதான். பெரிய பழம் வாங்காதீர்கள். உள்ளங்கையில் அடங்குகிற அளவு, ஒன்று 150 கிராம் இருந்தால் போதும், பிள்ளைகளும் முழுசாகத் தின்று முடிப்பார்கள்.

இப்போது சட்டிக்கு வருவோம். பன்னிரண்டு ஆப்பிளுக்கு 225 கிராம் பட்டர், 400 கிராம் பழுப்புச் சீனி, 300 கிராம் குளுக்கோஸ் சிரப், 400 கிராம் டின்பால் (சீனி சேர்த்த கெட்டிப்பால்), அரைத் தேக்கரண்டி உப்பு, இறக்கும்போது கொஞ்சம் வெனிலா. அமெரிக்கச் செய்முறையில் 'ஒரு டின் பால்' என்று போட்டிருந்தால் அது 397 கிராம். நம் கடையில் விற்கிற டின் பெரும்பாலும் 500 கிராம், முழு டின்னையும் கவிழ்த்தால் நூறு கிராம் கூடிவிடும், பதம் வர நேரம் இழுக்கும், அடியும் பிடிக்கும். நீங்கள் ஊற்றியது முழு டின்னா என்று யோசித்துப் பாருங்கள். அதேபோல அவர்கள் பட்டரை 'ஒரு ஸ்டிக்' என்று சொன்னால் 113 கிராம், நம் ஊர்க் கட்டி இல்லை.

டின்னின் லேபிளையும் படியுங்கள். தேத்தண்ணி கலக்க நாம் வாங்குகிற மலிவு டின்களில் பெரும்பாலும் 'கிரிமர் மானிஸ்' (இனிப்புக் கிரீமர்) என்றுதான் போட்டிருக்கும், அதில் பால் கொழுப்புக்குப் பதிலாகச் செம்பனை எண்ணெய். தேத்தண்ணிக்கு அது நன்றாகவே இருக்கும். ஆனால் கேரமலின் நிறமும் மணமும் பாலில் இருக்கிற புரதமும் சீனியும் சூட்டில் சேர்ந்து உண்டாவது, பால் சத்து குறைந்தால் வெறும் இனிப்புப் பசைதான் மிஞ்சும். முழுப்பாலில் செய்தது என்று எழுதிய டின் சில வெள்ளி (ரிங்கிட்) விலை கூட இருக்கும், இந்த ஒரு வேலைக்கு அதை வாங்குங்கள். மார்ஜரினும் வேண்டாம், அதே காரணம்தான்.

குளுக்கோஸ் சிரப்பை நீங்கள் விட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன், அதனால்தான் மணல். சீனியைக் கரைத்துக் காய்ச்சும்போது அது மறுபடி பழைய கட்டியாகச் சேரத்தான் பார்க்கும், சட்டியின் ஓரத்தில் ஒட்டிய ஒரு சின்னத் துகள் உள்ளே விழுந்தாலே போதும், அதைப் பிடித்துக்கொண்டு மொத்தமும் பூத்துவிடும். குளுக்கோஸ் இடையில் புகுந்து அப்படிச் சேரவிடாமல் தடுக்கிறது. பேக்கிங் சாமான் விற்கிற கடையில் டப்பாவில் கிடைக்கும், கெட்டியாக இருக்கும், கரண்டியைத் தண்ணீரில் நனைத்துவிட்டு அள்ளுங்கள். கிடைக்காவிட்டால் கோல்டன் சிரப் போடலாம். லட்டுப் பாகுக்குப் பிழிவது போல எலுமிச்சை பிழியலாமே என்று அம்மாவோ மாமியோ சொல்வார்கள், வெறும் சீனிப் பாகுக்கு அது சரி, பால் சேர்ந்த பாகில் பிழிந்தால் திரிந்துவிடும்.

குலா மலாக்கா (தென்னை வெல்லம்) போடலாமா என்று யாராவது கேட்பார்கள். தாராளமாகப் போடலாம், எனக்கு அந்த மணம் வெறும் பழுப்புச் சீனியைவிடப் பிடிக்கும். சீனியில் பாதியை மட்டும் மாற்றுங்கள், சீவி, கொஞ்சம் தண்ணீரில் உருக்கி வடிகட்டிவிட்டு ஊற்றுங்கள், அடியில் தூசி தும்பு தங்கும். சீக்கிரம் அடிப்பிடிக்கும், தீயை இன்னும் குறைக்க வேண்டும்.

சட்டி கனமாகவும் ஆழமாகவும் இருக்க வேண்டும், பால் சேர்ந்த பாகு பொங்கி மூன்று பங்கு ஏறும். குவாலி (வாணலி) வேண்டாம், அகலம் அதிகம், ஓரம் கருகும். முதலில் பட்டர், சீனி, சிரப், உப்பு நான்கையும் மெல்லிய தீயில் சீனி மணி ஒன்றுகூட இல்லாமல் கரையவிடுங்கள், இரண்டு விரலில் தொட்டுத் தேய்த்தால் நறநறக்கக் கூடாது (ஆறவைத்துத் தொடுங்கள்). நனைத்த பிரஷால் சட்டியின் ஓரத்தைத் துடைத்துவிடுங்கள். அப்புறம் டின்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, நடுத்தரத்துக்கும் கீழான தீயில், மரக்கரண்டியால் அடியைத் தொட்டுத் தொட்டுக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். அரை மணி நேரம் போல ஆகும். அந்த அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப் பார்ப்பது, கதவைத் திறக்கப் போவது எதுவும் கிடையாது.

பதம் என்ன என்றால், வெப்பமானி இருந்தால் 118 டிகிரி. நம் ஊர்ச் சூட்டில் நான் 120 வரை விடச் சொல்வேன், 30 டிகிரி வெயிலில் நிற்கப்போகிற கேரமலில் தண்ணீர் கொஞ்சம் குறைவாகவே இருக்கட்டும். வெப்பமானியை முதலில் கொதிக்கிற தண்ணீரில் விட்டுப் பாருங்கள், 100 காட்ட வேண்டும். 97 காட்டினால் உங்கள் 120 என்பது அதில் 117. கேமரன் மலையில் இருக்கிற சொந்தக்காரருக்கு இந்தச் செய்முறையை அனுப்பினால் இதையும் சொல்லி அனுப்புங்கள்: அங்குள்ள தானா ராத்தா ஊர் 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிறது, அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஆகவே பதமும் ஐந்து டிகிரி முன்னாலேயே வந்துவிடும்.

வெப்பமானி இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம், அதிரசம் சுட்ட கைக்கு இது தெரியும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் திரட்டினால் மெத்தென்று உருள்கிறதே, அது அதிரசப் பாகு, கேரமலுக்கு அது போதாது. கடலை மிட்டாய்க்கு விடுகிற மாதிரி டப்பென்று உடைந்தால் அது தாண்டிப் போய்விட்டது. இரண்டுக்கும் நடுவில், உருண்டையைத் தண்ணீரிலிருந்து எடுத்து விரலில் வைத்தால் உருவம் மாறாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், அழுத்தினால் மட்டும் அமுங்க வேண்டும். தண்ணீரில் ஐஸ் கட்டி போட்டுக்கொள்ளுங்கள். நம் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக வருகிறது, அதில் விட்டுப் பார்த்தால் சரியான பாகுகூட இளகலாகத்தான் தெரியும், நீங்கள் இன்னும் காய்ச்சிக் கல்லாக்கிவிடுவீர்கள்.

கண்ணாலும் காதாலும் தெரியும். தொடக்கத்தில் குமிழி பொடியாகவும் வேகமாகவும் நுரைத்துக்கொண்டு வரும். போகப் போக நுரை அடங்கி, குமிழி பெரிதாகி, சோம்பலாக எழுந்து 'ப்ளக், ப்ளக்' என்று உடையும், நிறம் தேத்தண்ணி நிறத்திலிருந்து கோப்பி நிறத்துக்குத் திரும்பும், கரண்டி போன வழியில் சட்டியின் அடி ஒரு கணம் தெரிந்து மூடும். அங்கிருந்து பதத்துக்கு இரண்டு மூன்று நிமிடம்தான்.

இறக்கியவுடன் முக்கக்கூடாது, அதுவும் ஒரு காரணம் உங்கள் கேரமல் ஓடியதற்கு. 120 டிகிரியில் அது தண்ணீர் மாதிரி ஓடும். வெனிலாவைச் சேர்த்து, 90 டிகிரிக்கு வரும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் பொறுங்கள், நடுவில் ஓரிரு முறை மெதுவாகக் கிளறினால் போதும். கரண்டியைத் தூக்கினால் நூலாக ஓடாமல் நாடாவாக மடிந்து விழ வேண்டும். அந்த இடைவெளியில்தான் குச்சியைச் செருக வேண்டும், முன்னாடியே செருகி வைக்காதீர்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன். சாத்தே (இறைச்சி கோத்துச் சுடுகிற) குச்சி மெல்லிசு, ஆப்பிள் அதில் சுற்றிக்கொண்டு விழும், சீனர் கடையில் சாப்பாட்டோடு தருகிற மரச் சாப்ஸ்டிக் ஒன்றைப் பாதியாக உடைத்து, உடைந்த முனையைச் சீவிக்கொண்டால் கச்சிதமாக இருக்கும். முக்கால் ஆழம் வரை செருகிவிட்டு, சுற்றிக் கசிகிற சாற்றைத் துடைத்துவிடுங்கள்.

சட்டியை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்து, ஆப்பிளைப் படுக்கவைத்து ஒரு சுற்று சுற்றுங்கள். குச்சியை ஒட்டிக் கொஞ்சம் தோல் தெரிகிற மாதிரி விட்டுவிடுங்கள். தூக்கிச் சட்டிக்கு மேலேயே பிடித்து, வழிவது நூலாக மெலிகிறவரை காத்திருந்து, அடிப்பாகத்தைச் சட்டி விளிம்பில் ஒரு முறை வழித்து, உடனே தலைகீழாகத் திருப்பி பத்து விநாடி பிடியுங்கள். அடியில் சேர இருந்த கேரமல் மறுபடி மேலே படரும். அடியில் குளம் கட்டாமல் இருக்க இந்தத் திருப்பல்தான் கைவேலை. அப்புறம் பட்டர் தடவிய பேக்கிங் தாளில் வையுங்கள், சாதாரணத் தாளிலோ வாழை இலையிலோ வைத்தால் பிய்த்தெடுக்க முடியாது. சட்டியில் கேரமல் இறுகிவிட்டால் ஒரு கரண்டிப் பால் விட்டு மெல்லிய தீயில் இளக்கிக்கொள்ளலாம். வீட்டில் ஏர்கோன் அறை இருந்தால் அங்கே ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள், காற்றின் ஈரத்தையும் அது எடுத்துவிடும். மழை பெய்கிற அந்தியில் இந்த வேலையை ஆரம்பிக்காதீர்கள்.

மேலே உருட்ட, வறுத்து ஒன்றிரண்டாக இடித்த கச்சான் (நிலக்கடலை)தான் எனக்கு முதல் விருப்பம், முக்கிய ஒரு நிமிடத்துக்குள் உருட்ட வேண்டும். தீபாவளி மிச்சமாக ஓமப்பொடி இருந்தால் நொறுக்கி உருட்டிப் பாருங்கள், உப்பும் ஓம வாசனையும் கேரமலோடு நன்றாகச் சேரும். பள்ளியில் விற்பதால் கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருக்கலாம், அதைத் தனித் தட்டில் வைத்து எழுதி ஒட்டிவிடுங்கள், கடலையைத் தொட்ட கரண்டி மற்றதில் படக்கூடாது. அசாம் போய் (உப்புப் போட்டு உலர்த்திய புளிப்புப் பிளம்) தூளும் அருமையாக இருக்கும், ஆனால் அதில் இருக்கிற உப்பு ஈரத்தை இழுக்கும், கையில் கொடுக்கும்போது மட்டும் தூவுங்கள். ஆப்பிளே இல்லாமல் நம் பீடோர்க் கொய்யாவிலும் இதைச் செய்யலாம். மெழுகு தொல்லை கிடையாது, கடித்தால் கறுக்கென்று இருக்கும். பழுக்காத காயாகப் பார்த்து எடுத்து, அசாம் போய் தூவிக் கொடுத்தால் ஆப்பிளைவிட வேகமாக விற்றாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

இனி, குச்சியை ஏன் முன்னாடியே செருகக்கூடாது என்று. தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள். 2014 கடைசியில் அமெரிக்காவில் கடையில் விற்ற கேரமல் ஆப்பிளைத் தின்று 35 பேருக்கு லிஸ்டீரியா என்ற கிருமித் தொற்று வந்தது, சிலர் இறந்தும் போனார்கள். ஆப்பிளும் புளிப்பு, கேரமலோ முழுக்கச் சீனி, இரண்டிலும் தனித்தனியாகக் கிருமி வளராது, பிறகு எப்படி என்று விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். குச்சி செருகின ஓட்டை வழியாகச் சாறு கசிந்து, தோலுக்கும் கேரமலுக்கும் நடுவில் தேங்குகிறது, அந்த மெல்லிய ஈரத்தில் கிருமி செழிக்கிறது. குச்சி செருகி 25 டிகிரியில் வைத்த ஆப்பிளில் மூன்று நாளில் கிருமி ஆயிரம் மடங்கு பெருகியது, குளிர்பெட்டியில் வைத்ததில் ஒரு வாரம் வரை பெருகவில்லை. நம் வீட்டுக்குள் 25 டிகிரி என்பதே குளிர்ந்த நாள். ஆகவே செய்த அன்றே விற்று, அன்றே தின்று முடிக்க வேண்டும், மிஞ்சினால் ஐஸ்பெட்டியில் இரண்டு மூன்று நாள், அதற்கு மேல் குப்பைக்கு. அடிபட்ட, கறை விழுந்த பழத்தைச் சேர்க்காதீர்கள். கர்ப்பிணிகளுக்கு இந்தக் கிருமி ரொம்ப ஆபத்து, ஆசிரியைகளில் யாராவது இருந்தால் அன்று புதிதாகச் செய்ததை மட்டும் கொடுங்கள். ஐஸ்பெட்டியில் வைப்பதைத் தனித்தனியாகச் செலோபன் தாளில் இறுகச் சுற்றி வையுங்கள், எடுத்தபின் தாளைப் பிரிக்காமல் அரை மணி நேரம் வெளியே வைத்தால் வியர்வை தாளின் மேலேயே நின்றுவிடும்.

இருபது ஆப்பிளுக்கு அளவை இரட்டிப்பாக்கி ஒரே சட்டியில் காய்ச்சாதீர்கள், பாதி முக்குவதற்குள் மீதி இறுகிவிடும். பத்துப் பத்தாக இரண்டு தடவை செய்யுங்கள். மெழுகு எடுப்பதையும் கடலை இடிப்பதையும் முதல் நாளே முடித்துவிட்டு, விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தால் ஏழரைக்குள் இரண்டு சட்டியும் ஆறிவிடும், காற்றும் அப்போதுதான் கொஞ்சம் குளுமையாக இருக்கும். இரண்டு சட்டியிலும் மிஞ்சுகிற கேரமலைப் பட்டர் தடவிய தட்டில் ஊற்றி, ஆறினதும் வெட்டித் தாளில் சுற்றினால் டாபியாக அதையும் விற்கலாம். பக்கத்தில் ஒரு பேசின் நிறையக் குளிர்ந்த தண்ணீர் இருக்கட்டும், கேரமல் கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும், உடனே முக்கிவிட்டு, பிறகு ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பற்பசை, கிச்சாப் (சோயா சாஸ்) எல்லாம் தடவ வேண்டாம்.

சிவப்பு ஆப்பிள் வேறு சாதி. அதில் பாலும் இல்லை, பட்டரும் இல்லை, சீனியும் குளுக்கோஸும் தண்ணீரும் நிறமும் மட்டும், 150 டிகிரி வரை காய்ச்சிக் கண்ணாடியாக உடையும் பதத்தில் முக்குவது. இப்போது பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஸ்ட்ராபெரியைக் குச்சியில் கோத்து விற்கிறார்களே, தாங்ஹுலு, அதே பாகுதான். பார்க்க அழகு, ஆனால் நம் காற்றில் ஓரிரு மணி நேரத்தில் மேலே பிசுபிசுத்து ஒழுக ஆரம்பிக்கும், காலையில் செய்து மதியம் விற்கவே முடியாது. அவர்கள் அங்கேயே அடுப்பு வைத்து உடனுக்குடன் முக்கிக் கொடுப்பதற்குக் காரணம் அதுதான். பிள்ளைகள் ஓடி விளையாடுகிற பள்ளித் திடலில் அப்படி ஒரு சட்டியை வைக்கவே வைக்காதீர்கள், கேண்டீன் தினத்துக்குக் கேரமலே போதும்.